லைசென்ஸ் வாங்கிய தூக்கம்

அத்தியாயம் 5

பல் டாக்டருடைய கிளினிக்குக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பதில் ஒரு வசதி உண்டு. வருகிறவர்கள் அதிகம் பொய் சொல்ல மாட்டார்கள். கீழேயிருந்து 'கிர்ர்ர்' என்று ஏறி வரும் அந்தச் சத்தம், எப்பேர்ப்பட்ட புளுகனையும் பாதியில் நிறுத்திவிடும்.

அன்று காலை எதிரே உட்கார்ந்திருந்த தையல்காரம்மாவுக்கு அந்த உதவி தேவைப்படவில்லை. பொய் சொல்லத் தெரியாத ரகம் அவள். அவள் புருஷன் அவளுக்கும் மேலே. பஸ் டிரைவரான அந்த மனிதர் உண்மையைச் சொல்லியே வேலையைத் தொலைக்கப் போகிறார்.

"திங்கட்கிழமை விசாரணை மேடம். அன்னிக்கே டிஸ்மிஸ் ஆர்டர் குடுத்துடுவாங்கன்னு டிப்போவில பேசிக்கறாங்க. போலீஸ் கேஸும் வருமாம். இவர் வாயையே திறக்கறதில்ல. சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கார்."

நடந்தது இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால், மதியம் இரண்டரை மணிக்கு, வளைவே இல்லாத சாலையில், டிரைவர் ஓட்டிக்கொண்டிருந்த பஸ் தன்பாட்டுக்கு ஒதுங்கிப்போய் ஒரு தொழிற்சாலையின் மதில்சுவரில் மோதியது. மதிலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவலாளிக்கு இரண்டு காலும் நொறுங்கிவிட்டன. டிரைவர் ஸ்டியரிங்கில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். உலுக்கி எழுப்பியதும், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே, "நான் ஹெம்ப் எண்ணெய் சாப்பிடறேன்" என்று தானாகச் சொல்லிவிட்டார்.

அலுவலகத்தை நடத்தும் கண்ணாடியம்மா மேஜைமேல் இருந்த சின்னப் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். 'இயற்கையின் அணைப்பு' என்று பச்சை எழுத்து. அதற்குக் கீழே, 'உரிமம் பெற்ற தயாரிப்பு. காலை, இரவு நான்கு சொட்டு. வாகனம் ஓட்டுவோருக்கும் ஏற்றது.'

"ஹெம்ப்னா கஞ்சாதானே மேடம்? அக்கம்பக்கத்தில எல்லாம் என்னைக் கஞ்சாக்காரன் பொண்டாட்டிங்கறாங்க" என்றாள் தையல்காரம்மா.

ஜன்னலோரம் நின்றிருந்த மைக் முந்திக்கொண்டான். "கஞ்சாவுக்கு ஒன்னுவிட்ட தம்பிம்மா. அண்ணன் போதை ஏத்துவான். தம்பி வீட்டோட இருக்கற நல்ல பையன். அதனாலதான் அண்ணனைப் பிடிச்சு உள்ள வெச்சுட்டு, தம்பிக்குக் கடை வெக்க லைசென்ஸ் குடுத்திருக்காங்க."

மைக் என்பது அவன் பெயரல்ல. பதினைந்து வருஷம் ஒரு வேனில் மைக் பிடித்து டானிக் விற்றவன். பாட்டிலில் இருப்பது வெறும் சர்க்கரைத் தண்ணீர் என்பதை ஒரு நாள் வாய் தவறி மைக்கிலேயே சொல்லிவிட்டான். வேலை போயிற்று, பெயர் நின்றுவிட்டது. இப்போது நாற்பத்தைந்து வயதில், தலையில் நாலு முடியும் வாயில் நாலாயிரம் வார்த்தையுமாகக் கண்ணாடியம்மாவிடம் உதவியாளன்.

கண்ணாடியம்மாவும் பெயரல்ல. உரிமம் வழங்கும் துறையில் இருபத்தாறு வருஷம் மேற்பார்வையாளராக இருந்தவர். விண்ணப்பத்தில் ஒரு புள்ளி குறைந்தாலும் திருப்பி அனுப்புவார் என்று 'பூதக்கண்ணாடி' என்றார்கள். வேலையை விட்டதும் பூதம் கழன்று கண்ணாடி மட்டும் மிஞ்சியது.

அவர் இப்போது ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தார். கடைசி வரிக்கு வந்ததும் திரும்ப முதலிலிருந்து படித்தார்.

"இதை டிப்போவில யாராவது படிச்சாங்களா?"

"எதுக்குப் படிக்கணும்னு கேட்டாங்க மேடம். அவரே ஒத்துக்கிட்டாரேன்னு."

"மைக், இங்க வா. இந்த வரியைப் படி."

மைக் குனிந்து படித்தான். "மது இல்லை. கஞ்சா, ஹெம்ப் வகைச் செடிகளின் எந்தக் கூறும் காணப்படவில்லை." நிமிர்ந்தான். "நல்ல சேதிதானே மேடம்? ஆள் சுத்தம்."

"ரெண்டு மாசமா தினம் ரெண்டு வேளை குடிச்சிருக்கார். உடம்புல துளிகூட இல்லைன்னா?"

மைக் இரண்டு நொடி யோசித்தான். "தம்பி வீட்டுக்கே வரல!"

"ஆமா. பாட்டில்ல ஹெம்ப் இல்ல. அப்படின்னா இவரைத் தூங்க வெச்சது எது?"

பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். புல் வாசனை அடிக்க வேண்டும். அடித்தது, பழைய வாணலி வாசனை. அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஏதோ தங்கியிருந்தது. கண்ணாடியம்மா மூடியைத் திருகிவிட்டுக் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தச் சனியனை எங்க வாங்கினார்?"

* * *

கடை ஆஸ்பத்திரி மாதிரியும் இருந்தது, அழகு நிலையம் மாதிரியும் இருந்தது. சோப்பு, தைலம், மெல்லும் மிட்டாய், முகத்துக்குப் பூசும் களிம்பு எல்லாவற்றிலும் ஒரே பச்சை இலை. எங்கிருந்தோ தண்ணீர் சலசலக்கும் சத்தம். தண்ணீர் இல்லை, ஒலிபெருக்கி.

கடைக்காரர் வெண்ணெய் போலப் பேசினார். ஆனால் மைக் "தூக்கம் வரலைங்க" என்றதும் முதலில் அவனுடைய அடையாள அட்டையைக் கேட்டார்.

"எனக்கு வயசு பத்தலைன்னு சந்தேகமா?" மைக் தன் வழுக்கையைத் தடவிக் காட்டினான்.

"விதி சார். இருபத்தொன்னு முடிஞ்சிருக்கணும். அட்டை பாக்காம குடுக்க மாட்டேன்." பெயரைப் பதிவேட்டில் எழுதினார். எச்சரிக்கைச் சீட்டு ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த லைசென்சைக் காட்டினார். அதற்குப் பக்கத்தில் ஆய்வகச் சான்றிதழ். அதற்குப் பக்கத்தில், அலமாரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து காட்டும் வரைபடம்கூட இருந்தது.

கண்ணாடியம்மாவுக்கு ஒரு கணம் மனசு நிறைந்தது. இந்த விதிகளில் பாதியைக் குழுவில் உட்கார்ந்து எழுதியவர் அவர். எழுதிய எழுத்து ஒரு கடையில் நடமாடுவதைப் பார்ப்பது, பெற்ற பிள்ளை மேடையேறுவதைப் பார்ப்பது மாதிரி.

"இந்த எண்ணெய்க்குப் புகார் எதுவும் வந்ததில்லையா?" என்று கேட்டார்.

"புகாரா? முன்னாடி வேற கம்பெனி எண்ணெய் வித்தேன்மா. பலன் தெரியலைன்னு திருப்பிக் கொண்டு வருவாங்க. லைசென்ஸ் புதுப்பிக்கப் போனப்போ ஆய்வாளர்தான் இந்தச் சப்ளையரைச் சொன்னார். இதை எடுத்து வித்தா புதுப்பிக்கறது சுலபம்னார். மாத்தினேன். அதுக்கப்புறம் ஒருத்தர்கூடத் திரும்பி வந்து குறை சொல்லல."

"எப்படி வருவாங்க, எல்லாரும் தூங்கறாங்களே" என்று மைக் முணுமுணுத்தான்.

"நீங்க சாப்பிடறீங்களா?" கண்ணாடியம்மா விடவில்லை.

கடைக்காரர் சிரித்தார். "எனக்குத் தேவையில்லம்மா. மாமியாருக்குக் குடுக்கறேன். வயசானவங்க, ஓயாம ஏதாவது கேட்டுக்கிட்டே இருப்பாங்க. இப்ப ஆறு சொட்டு. சாயங்காலம் படுத்தா மறுநாள் பத்து மணி வரைக்கும் வீடு கோயில் மாதிரி அமைதி."

"லேபிள்ல நாலு சொட்டுன்னுதானே இருக்கு?"

"அவங்க கொஞ்சம் அதிகமாப் பேசுவாங்க."

விதி நடமாடுகிறது என்று பூரித்த கண்ணாடியம்மாவின் மனசு அப்படியே தொப்பென்று கீழே விழுந்தது. இந்த ஆள் ஒரு விதியையும் மீறவில்லை. மாமியாரின் வயதுகூட இருபத்தொன்றைத் தாண்டித்தான் இருக்கும்.

"ஆறு பாட்டில் குடுங்க" என்றார். "தனித்தனியா வேண்டாம். அந்தப் பெட்டியில போட்டுக் குடுங்க."

காட்டியது மூலையில் கிடந்த ஓர் அட்டைப்பெட்டியை. கடைக்காரர் பாட்டில்களை அதில் அடுக்கி நீட்டினார். வெளியே வந்ததும் மைக் கேட்டான்.

"ஆறு எதுக்கு மேடம்? என்னைத் தூங்க வெக்கற உத்தேசமா? சொன்னா நானே வாயை மூடிக்குவேனே."

"பாட்டில் எதுக்கு? பெட்டிதான் வேணும். பாரு, வெளிப்பக்கம் ஒரு எழுத்து இல்ல, ஒரு படம் இல்ல. லேபிளுக்கு நாலு கலர் அடிக்கறவன் பெட்டியை ஏன் மொட்டையா அனுப்பறான்?"

"சிக்கனமோ?"

"ஓரத்தைப் பாரு. பசை ஒட்டினது வெளியில தெரியுது. சட்டையை உள்பக்கம் வெளியில வர்ற மாதிரி போட்டிருந்தா அவசரக்காரன்னு சொல்லலாம். பெட்டியை அப்படிப் போட்டிருந்தா?"

மைக் பாட்டில்களைத் தன் பைக்கு மாற்றிவிட்டு, பெட்டியின் மூலையைப் பிரித்து உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டினான். புரட்டியதும் அவன் வாயில் வந்த பகடி அப்படியே நின்றுவிட்டது.

உள்பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியின் அச்சு. தூக்க மாத்திரை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அதன்மேல் குறுக்கே, ஊதா மையில், வட்ட முத்திரை. 'கெடு முடிந்தது. அழிக்க.'

கண்ணாடியம்மாவுக்கு முத்திரையைப் படிக்கவே தேவையிருக்கவில்லை. இருபத்தாறு வருஷம் அந்த ஊதா மை அவர் விரலில் ஒட்டியிருந்திருக்கிறது.

"எங்க ஆபீஸ்" என்றார். "மருந்துக்கடைகள்ல பறிமுதல் பண்ற பழைய சரக்கு எல்லாம் பின்பக்கக் கிடங்குக்குப் போகும். உலையில போட்டு எரிச்சு, எரிச்சதுக்கு சான்றிதழ் எழுதணும்."

"எரிச்ச பெட்டி நடந்து கடைக்கு வந்திருக்கே மேடம். பேய்ப் பெட்டியா?"

"வண்டியை எடு."

* * *

உரிம அலுவலகத்தின் வாசலில் இருந்தவர் கண்ணாடியம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். கேள்வி கேட்கவில்லை. முன்பக்கம் வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. வரிசையில் நின்றவர்கள் கையில் விண்ணப்பம். 'ஊக்கமூட்டும் உடல்நலப் பொருட்கள், உரிமப் பிரிவு' என்று புதுப் பலகை. அந்த வரிசையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்கள்.

உலை ஒரு சின்ன அறை அளவுக்கு, செங்கலும் இரும்புமாக நின்றது. கதவில் தொங்கிய பட்டியலில், போன வாரம் வரைக்கும் தேதிவாரியாக எரித்த கணக்கு.

மைக் இரும்புக் கதவை இழுத்தான். உள்ளேயிருந்து "மியாவ்" என்றது.

சாம்பல் இல்லை, கரி இல்லை. கந்தல் சாக்கின்மேல் ஒரு பூனை படுத்திருந்தது. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நாலு குட்டிகள், கண்கூடத் திறக்கவில்லை.

"போன வாரம் முன்னூறு கிலோ எரிச்சிருக்காங்க" என்று மைக் பட்டியலைப் படித்தான். "அம்மா பூனை வேர்த்தா பிரசவிச்சிருக்கும்?"

கண்ணாடியம்மா சிரிக்கவில்லை. கிடங்குக்குள்ளிருந்து வந்த நாற்றம் அவருடைய மூக்கை ஏற்கனவே பிடித்திருந்தது. பாட்டிலில் அடித்த அதே வாணலி நாற்றம். இங்கே அது நூறு மடங்கு.

தகரக் கதவைத் தள்ளினார்.

உள்ளே ஐந்து பெண்கள் நீள பெஞ்சில் உட்கார்ந்து பாட்டில்களில் பச்சை லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், மறைப்புக்குத் தொங்கவிட்ட படுதாவைத் தாண்டி, ஒரு பிளாஸ்டிக் டிரம். அலுவலகக் கேண்டீனில் பொரித்துப் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெய் அதில் முக்கால்வாசி நின்றது. மேலே ஈக்கள். சில மிதந்தன, சில இன்னும் நீந்தின. டிரம்மின் வாயில் வடிகட்டக் கட்டியிருந்தது யாரோ போட்டுக் கழற்றிய பனியன், அக்குளில் மஞ்சள் கறையோடு. பக்கத்து மேஜையில் சமையலறை மிக்ஸி, அதைச் சுற்றி வெள்ளை மாவு. கீழே, உரித்துப்போட்ட மாத்திரை அட்டைகள் குவியல் குவியலாக.

கண்ணாடியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஊரே இதைத்தான் காலையும் இரவும் நாக்கில் விட்டுக்கொள்கிறது. இயற்கையின் அணைப்பு.

"நான் வித்தது சர்க்கரைத் தண்ணி" என்றான் மைக், குரல் இறங்கி. "இப்ப என்னைப் பாத்தா எனக்கே மகான் மாதிரி தெரியுது மேடம்."

"அக்கா! சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்களே!"

வாசலில் ஆய்வாளர் நின்றிருந்தார். கஞ்சி போட்ட சட்டை, கையில் ஒரு தடித்த பதிவேடு. கண்ணாடியம்மாவின் பக்கத்து மேஜையில் எட்டு வருஷம் இருந்தவர். அவரைத் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். வாசல்காரர் கும்பிட்ட கையோடு இவருக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும்.

"என்ன தம்பி இது?"

"என்னக்கா பண்றது? உலையை மூட்டணும்னா எரிபொருள் வேணும், ஆள் வேணும். மலை மாதிரி சரக்கு கெடக்கு. அந்தப் பக்கம் பாத்தா ஊர்ல ஒருத்தனுக்கும் தூக்கம் இல்ல. வீணா எரியறது நாலு பேருக்குத் தூக்கமாப் போகட்டுமேன்னு."

"ஒருத்தருக்கு ரெண்டு காலும் போச்சு."

"கேள்விப்பட்டேன். பாவம்." ஒரு வருத்தமும் இல்லாமல், காய்கறி விலை ஏறியதைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார். "அந்த டிரைவருக்கு வேற இடத்தில வேலைக்கு நான் சொல்றேன். பெட்டியை இங்க வெச்சுட்டுப் போங்க அக்கா."

"நேரா கண்காணிப்புப் பிரிவுக்குத்தான் போறேன்."

"போகலாம். அதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை பாத்துட்டுப் போங்க."

பதிவேட்டைத் திறந்து நீட்டினார். எரிப்புச் சான்றிதழ்கள், ஒன்றன்பின் ஒன்றாக. 'மேற்கண்ட மருந்துகள் என் கண்முன் முழுதும் எரித்து அழிக்கப்பட்டன.' அதற்குக் கீழே சாட்சிக் கையெழுத்து.

கண்ணாடியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அடுத்த தாளைப் புரட்டினார். அதற்கடுத்ததை. நாற்பத்தொரு தாள். எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து.

"கள்ளக் கையெழுத்தா மேடம்?" மைக் காதோடு கேட்டான். "சொல்லுங்க, போட்டுடலாம் ஒரு கேஸ்."

"இல்ல" என்றார் கண்ணாடியம்மா. "என்னோடதுதான்."

அவர் வேலையில் இருந்த கடைசி நாள் அது. கூடத்தில் மாலை, பேச்சு, பரிசு எல்லாம் தயாராக இருந்தது. எல்லோரும் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். தம்பி ஒரு கட்டுத் தாளோடு ஓடி வந்தார். 'வழக்கமான ஃபாரம்தான் அக்கா. புது சாட்சி நியமிக்க மாசக்கணக்கா ஆகும். எரிக்கறதை நான் பாத்துக்கறேன்.' எல்லாம் வெற்றுத் தாள். நின்றபடியே நாற்பத்தொரு இடத்தில் கையெழுத்துப் போட்டார். மற்றவர்களின் விண்ணப்பத்தில் புள்ளி குறைந்தால் திருப்பி அனுப்பிய அதே பேனாவால்.

ஈ மொய்த்த டிரம்மைப் பார்த்தபோது வந்த குமட்டல் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. இது உள்ளேயிருந்து வந்தது. அந்தப் பனியனை யாரோ தன் வாயில் பிழிந்துவிட்ட மாதிரி இருந்தது.

"நான் உள்ள போனா நீங்களும் கூட வருவீங்க அக்கா" என்றார் ஆய்வாளர், அன்பாகவே. "ஊர்ல உங்களுக்கு எவ்வளவு நல்ல பேர்! இந்த வயசுல எதுக்கு? உக்காருங்க, டீ சொல்றேன்."

வெளியே எட்டிப் பார்த்து டீக்குக் குரல் கொடுத்தார். அந்த நேரத்தில் மைக் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவன் குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

"மேடம், கிழிச்சுடறேன். நாப்பத்தொரு தாள்தான். வாயில போட்டு முழுங்கறதுன்னாலும் முழுங்கிடறேன். பெட்டி இருக்கு, டிரம் இருக்கு, மிக்ஸி இருக்கு. இது இல்லாமலே அவனை மாட்டிடலாம். உங்க பேரு வர வேண்டாம்."

கண்ணாடியம்மா அவனைப் பார்த்தார். விசுவாசம்தான். அதுதான் பயமாக இருந்தது. ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, 'சரி' என்று சொல்ல நாக்கு எழுந்தது. அந்த விநாடியை அவர் வாழ்நாள் முழுக்க மன்னிக்க மாட்டார்.

"பெட்டியும் டிரம்மும் நாளைக்கே காணாமப் போகும். எரிச்சதாச் சொன்னது எரியலைங்கறதுக்கு, நான் வேலையை விட்டப்புறம் தேதி போட்ட இந்தத் தாள்தான்யா சாட்சி. தொடாதே."

"மேடம்…"

"தொடாதேங்கறேன். உன்னால முடிஞ்சா வேற ஒன்னு பண்ணு. அந்தப் பொண்ணுங்களுக்குத் தாங்க என்ன ஒட்டறோம்னு தெரியாது. அவங்களுக்குச் சொல்லு. உனக்குச் சொல்லித் தரணுமா?"

மைக் ஒரு தரம் தொண்டையைச் செருமினான். பெஞ்சின் முனையில் ஏறி நின்றான். பதினைந்து வருஷம் சந்தை இரைச்சலை அடக்கிய குரல், மைக் இல்லாமலே தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

"அன்பார்ந்த தாய்மார்களே! உங்க கையில இருக்கற பாட்டில்ல ஹெம்ப் கிடையாது! மூலிகை கிடையாது! இந்த ஆபீஸ் கேண்டீன்ல ஒரு வாரம் பொரிச்ச எண்ணெய் இருக்கு! கெடு முடிஞ்ச தூக்க மாத்திரை இருக்கு! ரெண்டு ஈயும் ஒரு பனியன் அழுக்கும் இலவசம்! நம்பலைன்னா அந்தப் படுதாவை ஒரு தடவை விலக்கிப் பாருங்க!"

லேபிள் ஒட்டிய கைகள் நின்றன. ஒருத்தி எழுந்து போய்ப் படுதாவை விலக்கினாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மற்ற நால்வரும் எழுந்து போனார்கள்.

"சார், நம்ம சரக்குதான், வீட்டுக்கும் எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னீங்களே" என்றாள் முதல் பெண், வாசலில் திரும்பி நின்ற ஆய்வாளரைப் பார்த்து. குரல் உயரவில்லை. "எம் பொண்ணு பரீட்சைன்னு பயந்தா. காலையில நாலு சொட்டு விட்டு அனுப்பினேன். மூணு நாளாப் பரீட்சை ஹால்ல தூங்கறாளாம். ராத்திரி படிச்ச களைப்புன்னு நெனச்சேன்."

"அது வேறம்மா, அது…" ஆய்வாளர் முதல் தடவையாகத் திணறினார்.

அவள் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டாள். "எங்க வந்து சொல்லணும்?" என்று கண்ணாடியம்மாவைக் கேட்டாள்.

ஆய்வாளர் பதிவேட்டுக்குக் கை நீட்டினார். அது கண்ணாடியம்மாவின் மார்போடு இருந்தது. அவருக்கும் இவருக்கும் நடுவே ஐந்து பெண்கள் நின்றார்கள். டீ கொண்டுவந்த கேண்டீன்காரர் வாசலிலேயே தட்டோடு நின்று, தன் எண்ணெய் எங்கே போயிருக்கிறது என்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மைக், கண்காணிப்புப் பிரிவுக்குப் போன் போடு. அவங்க வர்ற வரைக்கும் யாரும் இந்த இடத்தை விட்டுப் போக வேண்டாம். போட்டுட்டு ஒரு பேப்பர் எடு. புகார் எழுதணும்."

"யார் மேல மேடம்?"

"ரெண்டு பேர் மேல. முதல் பேர் என்னோடது."

* * *

திங்கட்கிழமை டிப்போவில் விசாரணை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மேலாளர் ரத்தப் பரிசோதனை அறிக்கையை அன்றுதான் முதல் தடவையாகப் படித்தார். படித்துவிட்டு, எதிரே இருந்த யாரையும் பார்க்காமல் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவரின் பாட்டிலில் மிச்சமிருந்ததைச் சோதித்ததில் நாலு சொட்டில் ஒரு மாத்திரைக்கு மேலேயே இருந்தது என்று கண்காணிப்புப் பிரிவின் கடிதம் சொன்னது. ஆய்வாளர் காவலில் இருந்தார். அறுபத்து மூன்று கடைகளில் பச்சை இலை இறங்கிவிட்டது. வெண்ணெய்க்குரல் கடைக்காரர் மட்டும், லைசென்ஸ் இருக்கும்போது தன் கடையை எப்படி மூடலாம் என்று கேட்டு ஒரு மனு எழுதியிருந்தார்.

டிரைவரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அவர் எழுந்து நின்று, "அந்தக் காவலாளிக்கு யார் பதில் சொல்றது?" என்று மட்டும் கேட்டார். "முதல்ல நான் சொல்றேன்" என்றார் கண்ணாடியம்மா. டிரைவர் தலையை ஆட்டிவிட்டுச் சுவரைப் பார்க்காமல் வெளியே நடந்தார்.

தாழ்வாரத்தில் தையல்காரம்மா காத்திருந்தாள். கும்பிட்டாள். நன்றி சொன்னாள். சொல்லிவிட்டும் நகரவில்லை.

"மேடம், ஒன்னு கேக்கலாமா? அந்தப் பதிவேட்டுல இருக்கறது உங்க கையெழுத்துன்னு பேசிக்கறாங்களே."

"ஆமா."

"படிக்காமலா போட்டீங்க?"

"ஆமா."

மைக் நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கண்ணாடியம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

தையல்காரம்மா வெளியே போகும் பஸ்களைப் பார்த்தாள். கோபம் இல்லை. துணியை வெட்டுவதற்கு முன்னால் அளவு பார்ப்பது மாதிரி யோசித்தாள்.

"எங்க வீட்டுக்காரர் லேபிளை ஒரு எழுத்து விடாம படிச்சுட்டுத்தான் மேடம் குடிச்சார். அதுல இருந்தது பொய்ன்னு அவருக்கு எப்படித் தெரியும்? உங்க முன்னாடி இருந்தது வெத்துக் காகிதம். அது வெத்துக் காகிதம்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்" என்றார் கண்ணாடியம்மா.

தையல்காரம்மா மறுபடி ஒரு தரம் கும்பிட்டுவிட்டு, படியில் காத்திருந்த புருஷனோடு போனாள். மூன்று மணிக்குக் கண்காணிப்புப் பிரிவில் கண்ணாடியம்மா வாக்குமூலம் கொடுக்க வேண்டும். மைக் வண்டியை எடுத்து வந்து கதவைத் திறந்து பிடித்தான்.